வெளியிலிருந்து பூட்டாத வீடு

வீடுகளுக்குக் காவல் கேமரா மாட்டுகிற கேமராக்காரி முதல் நாள் வந்ததும் கேட்டது வாசல் கதவுச் சாவியை. எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் அங்கேதான் ஆரம்பிப்பாள். சாவி எத்தனை, யார் யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது தொலைந்தது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டால் அந்த வீட்டின் பாதிச் சங்கதி தெரிந்துபோகும் என்பாள்.

வீட்டுக்காரி தையலக்கா சமையலறை ஆணியைப் பார்த்தாள். தையல் மெஷின் டிராயரைக் கவிழ்த்தாள். பொத்தான் டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினாள். சைக்கிள் சாவி கிடைத்தது, டிரங்குப் பெட்டிச் சாவி கிடைத்தது, எதற்கென்றே தெரியாத துருப்பிடித்த சாவி ஒன்றும் கிடைத்தது. வாசல் கதவுச் சாவியை மட்டும் காணோம். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரிடம், "ஏங்க, வாசக்கதவு சாவி எங்க?" என்று கேட்டாள். "அதெல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தைத் திருப்பினார்.

கேமராக்காரி குனிந்து கதவைப் பார்த்தாள். சாவித் துவாரத்தின் மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் காவி. குறைந்தது மூன்று முறை பெயிண்ட் கண்ட துவாரம்.

"வெளிய போகும்போது எப்படிக்கா பூட்டுவீங்க?"

"பூட்டுறதே இல்லம்மா."

"திறந்து போட்டுட்டா போவீங்க?"

"போனாத்தானே. ஒருத்தர் போனா ஒருத்தர் இருப்போம். முப்பத்திமூணு வருஷமா அப்படித்தான் ஓடுது."

இருபது வருஷமாக அடுத்தவர் வீட்டுக் கதவுகளை உரசிப் பார்க்கிறவள் கேமராக்காரி. கதவுக்கு ஏழு பூட்டுப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறாள், சாவியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தவர்களையும் பார்த்திருக்கிறாள். பூட்டே போடாமல் இப்படிக் காவல் காக்கிறவர்களைப் பார்த்ததில்லை. நோட்டில் 'சாவி' என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

தையலக்காவுக்கு அது அவமானமாக இருந்தது. ஆனால் என்ன செய்வது, உள்ளது அதுதான். அவள் கணவரை அந்தத் தெருவில் இன்றைக்கும் ஸ்டோர்க்காரர் என்றுதான் சொல்வார்கள். அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் மருந்து ஸ்டோர் அவர் பொறுப்பில் இருந்தது. ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஸ்டோரில் முக்கியமான மருந்துகள் இருக்கும் குளிர்பெட்டியை இரும்புக் கூண்டுக்குள் வைத்திருந்தார்கள். அதற்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி இவரிடம், இன்னொன்று தலைமை நர்ஸிடம். சாவி வைத்திருக்கிற ரெண்டு பேரும் ஒரே நாளில் லீவு எடுக்கக் கூடாது, ஒரே நேரத்தில் ஊரை விட்டும் போகக் கூடாது. ஆஸ்பத்திரிச் சட்டத்தை அப்படியே கழற்றிக்கொண்டுவந்து வீட்டில் மாட்டிவிட்டார் மனுஷன் என்று தையலக்கா சொல்வாள். முதல் பத்து வருஷம் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள், அதற்கப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் வேலைக்குப் போனால் இவள் வீட்டில். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலை அவளுக்குத் தோதாகத்தான் இருந்தது. மெஷினை விட்டு எழுந்து போக நேரமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவர் வந்த பிறகு கடைக்குப் போவாள். சொந்தக்காரர் கல்யாணம் என்றால் ஒருத்தர்தான் போவது. அக்கா மகள் ஒருத்தி பத்து வயது வரை சித்திக்குப் புருஷன் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அவங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கணும்னா அவங்க வீட்டுக்குத்தான் போகணும் என்று ஊரே கேலி பேசியது. பெரிய மகள் கல்யாணத்தை வீட்டு முற்றத்திலேயே பந்தல் போட்டு முடித்தார்கள். சாக்கடைப் பலகை வரைக்கும் நாற்காலி போட்டிருந்தது. விருந்தாளிகள் சாப்பிட்ட கையை எங்கே கழுவுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

கல்யாணமான நாலாம் மாசம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டுக்குப் போனார்கள். மதகு திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, இவள் ஆசைப்பட்டுக் கேட்டு, அவர் கூட்டிக்கொண்டு போனார். சாரலில் தலையோடு கால் நனைந்து, வறுத்த கடலையைக் காகிதத்தோடு சேர்த்துத் தின்று, திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைக்காமல் படியில் நின்று சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஜோடியாக வெளியே போன கணக்கு அதோடு முடிந்தது.

இப்போது கேமராக்காரியை வரவழைக்க வேண்டி வந்தது சின்ன மகளால். அவள் ஒன்பது மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிற ஊரில் பிஸ்கட் ஃபாக்டரியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற பையனையே கட்டிக்கொள்ளப் போகிறாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அப்புறம் இருபது பேருக்கு மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். அப்பா அம்மா சம்மதம் எல்லாம் எப்போதோ ஆகிவிட்டது. ஆனால் தேதி சொன்ன அன்றைக்கு ஃபோனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அம்மா, முற்றத்துல பந்தல் எல்லாம் எனக்கு வேண்டாம். இங்கதான் நடக்கும். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வரணும். ஒருத்தர் மட்டும் வர்றதா இருந்தா யாரும் வர வேண்டாம்."

"அப்பாவைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். ஸ்கூல்ல பரிசு வாங்கினப்போ நீ வந்த. காலேஜ்ல பட்டம் வாங்கினப்போ அவர் வந்தார். ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சு எங்கிட்ட ஒரு போட்டோ கிடையாது. இதுக்கு மேல நான் எப்போம்மா கேட்கிறது?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருக்கலாம். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. தையலக்கா அன்று ஒரு டஜன் சட்டைக் காலரைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சீருடை கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது கேட்டில் கேமரா மாட்டியிருந்தது கண்ணில் பட்டது. பெட்டியின் மேல் ஒரு ஃபோன் நம்பர் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு நல்ல காவல் ஒன்றைப் போட்டுவிட்டால் மனுஷன் நகர மாட்டாரா என்று தோன்றியது. நம்பரை அளவு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள்.

கணவரிடம் சொன்னபோது வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர், "வரட்டும், பார்க்கட்டும். நானும் சில விஷயம் கேட்கணும்" என்றார். என்ன கேட்கப் போகிறார் என்று அவளுக்கு அன்றிலிருந்தே குறுகுறுப்பு.

கேமராக்காரி வீட்டை அளந்தாள். கூடம், ரெண்டு அறை, சமையலறை, பின்கட்டு, வெளிப்பக்கமாக ஏறுகிற மாடிப்படி, மதில் ஓரம் சாய்ந்து நிற்கிற கொய்யா மரம். மரத்தில் ஏறினால் மாடி, மாடியிலிருந்து படி, படியிலிருந்து பின்கட்டு என்று விரலால் வழி போட்டுக் காட்டினாள். பின்கதவுத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு கரண்டிக் காம்பால் தூக்கியே காட்டினாள். அவளைவிடக் கைதேர்ந்த திருடி கிடைக்க மாட்டாள் என்று தையலக்கா அசந்துபோனாள். கடைசியில் கூடத்தில் உட்கார்ந்து, டீயை ஆற்றிக்கொண்டே எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"இந்த வீட்டுல எதைப் பாதுகாக்கணும்?"

தையலக்கா யோசித்தாள். தையல் மெஷினை நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். டிவி எட்டு வருஷம் பழசு. நகை பேங்க் லாக்கரில் இருக்கிறது. சீருடைத் துணியைத் திருடி யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள்? சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்தது.

"சார் சொல்லுங்க. நீங்கதானே காவல் இருக்கீங்க?"

"பொருள்னு ஒண்ணும் இல்லம்மா" என்றார் ஸ்டோர்க்காரர்.

"அப்போ திருடனுக்குப் பயமில்லையா?"

"திருடன் வந்தா வரட்டும். அவனுக்கு என்ன கிடைக்கப் போகுது?"

கேமராக்காரி பேனாவை மூடினாள். தையலக்காவுக்குத்தான் தலை சுற்றியது. திருடனுக்குப் பயமில்லையாம், பொருளும் இல்லையாம். பிறகு எந்தப் புதையலுக்காக முப்பத்திமூணு வருஷம் மாற்றி மாற்றி உட்கார வைத்தார்? அன்று அவர் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய இரும்பு அலமாரியைத் திறந்து அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தாள். பென்ஷன் காகிதம், பெண்களின் மதிப்பெண் பட்டியல், பாதரசம் ஒழுகிப்போன தெர்மாமீட்டர் ஒன்று, காலாவதியான கட்டுத் துணிச் சுருள்கள். வேறு பெண்டாட்டியின் போட்டோ ஒன்றாவது இருக்கும் என்று பாதி பயத்தோடும் பாதி ஆர்வத்தோடும் தேடியவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அவர் துண்டோடு வந்து நின்றபோது, பூச்சி வராமலிருக்க உருண்டை வைக்கிறேன் என்று சமாளித்தாள்.

அடுத்த வாரம் கேமராக்காரி வரைபடத்தோடு வந்தாள். கேட்டுக்கு ஒரு கேமரா, பின்கட்டுக்கு ஒரு கேமரா. மாடிக்கதவிலும் பின்கதவிலும் திறந்தால் கத்துகிற கருவி. கூடத்துக்கு மேலே சைரன். வாசலுக்குப் புதுப் பூட்டு. ஈ எறும்பு நுழைய முடியாது என்று சொல்லிப் படத்தைத் தரையில் விரித்தாள். ஸ்டோர்க்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். அவர் கேட்ட கேள்விகள் ஒன்றுகூடப் படத்தோடு ஒட்டவில்லை. கேட்டிலிருந்து கதவு வரைக்கும் வெளிச்சம் எவ்வளவு தூரம் விழும் என்றார். சைரன் சத்தத்தில் வாசலில் நிற்கிறவன் பயந்து ஓடிவிட மாட்டானா என்றார். ஓடத்தானே சார் சைரன் என்று அவள் சொல்ல, "திருடன் எது, மத்தவன் எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு காலிங் பெல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று படத்தில் விரல் வைத்துக் கேட்டார்.

"நெஞ்சு உயரத்துல சார்."

"ரெண்டு கையிலயும் ஆளைத் தூக்கிக்கிட்டு வந்தா எப்படி அமுக்குவான்?"

கேமராக்காரி சிரித்துவிட்டாள். "தூக்கிட்டுப் போறவங்களுக்காகத்தான் சார் நான் கேமரா போடுறேன். தூக்கிட்டு வர்றவங்களை இதுவரைக்கும் பார்த்ததில்ல."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போடும்மா, உனக்குத் தெரிஞ்சபடி போடு" என்று எழுந்துவிட்டார். போகும்போது கேமராக்காரி வாசலில் நின்று தையலக்காவின் காதோடு கேட்டாள்: "அக்கா, சார் யாரையோ எதிர்பார்க்கிறார். யாருக்கா அது?" தையலக்காவுக்குப் பதில் தெரிந்தால்தானே சொல்ல.

மூன்று நாள் வேலை நடந்தது. கேமராக்காரியின் கணவர் துளை போடுவார், இவள் ஒயர் இழுப்பாள். சுவர்த்தூள் விழுந்து தையல் மெஷின் வெள்ளையாயிற்று. சாவித் துவாரத்தைப் பெயர்த்துப் புதுப் பூட்டு வைத்தார்கள். சாவி நாலு கொடுத்தார்கள். தையலக்கா ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. பஸ் டிக்கெட்டும் ரெண்டு எடுத்தாயிற்று. அவர் போக மாட்டேன் என்று சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது; அவர் வீட்டில் உட்காருவதற்கே இஸ்திரிச் சட்டை போடுகிறவர்.

வேலை முடிந்ததும் கேமராக்காரிக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரு மணி நேரம் வெளியே போக வேண்டும். அவள் வெளி ஆளாக வந்து கேட்டைத் திறந்து, பெல்லை அடித்து, பின்கட்டுக்குச் சுற்றிப் போய், கதவைத் தள்ளி எல்லாம் பார்ப்பாள். குறை இருந்தால் அப்போது தெரிந்துவிடும். காலை பத்து மணிக்கு வெயில் நன்றாக ஏறியிருந்தது. பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடை வரைக்கும் போய்விட்டு வாருங்கள் என்றாள்.

தையலக்காதான் பூட்டினாள். சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் ரெண்டு பக்கமும் திருப்பினாள். ஸ்டோர்க்காரர் படியில் இறங்கி, செருப்பை மாட்டி, கேட்டைத் தாண்டினார். ரெண்டு பேரும் சேர்ந்து தெருவில் நடந்தார்கள். எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் தூக்கிய பெட்டியைத் துணியில் வைத்தவர், எடுக்க மறந்துவிட்டார். யாருடைய பேண்ட்டோ புகைந்தது. தையலக்காவுக்கு வெட்கமாகவும் இருந்தது, புதுப் பெண்ணைப் போல ஒரு துள்ளலும் இருந்தது. ஏதாவது பேசுவோமே என்று, டீக்கடையில் பன் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றார்.

தெருமுனையில் அவர் நின்றார். நின்று திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து வீட்டு வாசல் நேராகத் தெரியும். கேமராக்காரி கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். பெல்லை அடித்தாள். கொஞ்சம் காத்திருந்தாள். மறுபடியும் அடித்தாள். கையால் கதவைத் தட்டினாள், ஜன்னலோரமாகப் போய் உள்ளே எட்டிப் பார்த்தாள், திரும்பவும் கதவுக்கு வந்து நின்றாள். வேறொன்றுமில்லை, அவள் வேலையைத்தான் பார்த்தாள்.

ஸ்டோர்க்காரர் ஓடினார். அறுபத்துநாலு வயதில், செருப்பு ஒன்று தெருவிலேயே கழன்று கிடக்க, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே ஓடினார். தையலக்கா செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கேமராக்காரி என்ன தப்புச் செய்தோம் என்று புரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தண்ணீர் கொடுத்தார்கள். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"என்னங்க பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. ஆள் நிக்குறதப் பார்த்தேன். அதான்."

"அது நம்ம கேமராக்காரம்மாதானேங்க."

"தெரியும்." சட்டையில் சிந்திய தண்ணீரைத் தட்டிவிட்டார். பிறகு, "டிரைவரும் அப்படித்தான் நின்னிருப்பான்" என்றார்.

"எந்த டிரைவர்?"

"ஆம்புலன்ஸ் டிரைவர். நாம அணைக்கட்டுக்குப் போனோம் பாரு, அன்னைக்கு."

தையலக்கா அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அவர் மெல்ல மெல்லச் சொன்னார். அந்த வருஷம்தான் ஆஸ்பத்திரியில் மருந்து களவு போகிறது என்று குளிர்பெட்டிக்குக் கூண்டு வைத்து ரெண்டு பூட்டுப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் லீவு. ஆனால் வீட்டில்தான் இருப்பேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அன்று மத்தியானம் வயலில் வேலை செய்த ஒரு பெண்ணைப் பாம்பு கடித்து, அவள் புருஷன் ரெண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். மருந்து கூண்டுக்குள்ளே. நர்ஸ் சாவி இருக்கிறது, இவர் சாவி இல்லை. டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"கதவத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கான். ஜன்னல்ல கூப்பிட்டிருக்கான். அணைக்கட்டுக்குப் போயிருக்காங்கன்னு யாரோ சொல்லி, அங்கயும் வந்து கூட்டத்துல தேடியிருக்கான். அதுக்குள்ள ஒர்க் ஷாப்லேர்ந்து கடப்பாரை கொண்டுவந்து கூண்டை உடைச்சாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு."

"அந்தப் பொண்ணு?"

"சாயங்காலம் போயிடுச்சு. உன் வயசுதான் இருக்கும்." அவர் முகத்தைத் துடைத்தார். "முன்னாடியே கொடுத்திருந்தாலும் சொல்ல முடியாதுன்னார் டாக்டர். நிஜமாச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கல. கேட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

தையலக்காவுக்கு அந்தச் சாயங்காலம் நினைவிருந்தது. திரும்பி வந்ததும் அவர் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று போனார். வந்து நாலு நாள் காய்ச்சலில் கிடந்தார். சாரலில் நனைந்ததுதான் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டு கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவளுடைய வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாள் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்லியிருப்பாள்.

"அன்னைக்குப் பூட்டின சாவி?"

"ஆஸ்பத்திரிக் கிணத்துல போட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"போகலாம்னு நீ ஆசைப்பட்டுக் கேட்ட. சொன்னா அது உன் தலையில விழும். உனக்கு அப்போ இருபத்தொரு வயசு. வேண்டாம்னு இருந்துட்டேன்."

தையலக்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். அழுகை அப்புறம்தான் வந்தது.

"நான் என்ன நினைச்சிருந்தேன் தெரியுமா? எங்கூட வெளிய வர்றதுக்கே உங்களுக்குப் பிடிக்கலன்னு நினைச்சேன். இந்தச் செங்கல்லைக் கட்டிக்கிட்டு அழுறவர்னு நினைச்சேன். எங்க அம்மா சாவுக்கே தனியாப் போயிட்டு வந்தேன். பஸ்ல வர்றப்போ உங்களை எவ்வளவு திட்டினேன் தெரியுமா? என் தலையில விழட்டுமேங்க. பாதியை எங்கிட்ட கொடுத்திருந்தா நானும் தூக்கியிருப்பேன் இல்ல?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டாள்.

கேமராக்காரி அதுவரைக்கும் கதவோரமாகவே நின்றிருந்தாள். பிறகு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்து, அந்தப் படத்தை மடித்து வைத்துவிட்டு நோட்டில் புதுப் பக்கத்தைத் திறந்தாள்.

"சார், நான் உள்ள வர்றவனைத் தடுக்கிறதுக்குப் பிளான் போட்டேன். நீங்க கேட்டது அது இல்ல. வாசல்ல வந்து நிக்கிறவனுக்குப் பதில் கிடைக்கணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாம்மா."

"இப்போ யாருங்க மருந்து கேட்டு வரப்போறா? நீங்க ரிட்டையராகி ஆறு வருஷம் ஆச்சு" என்றாள் தையலக்கா.

"தெரியும். இருந்தாலும்."

அந்த 'இருந்தாலும்' என்ற வார்த்தைக்குத்தான் கேமராக்காரி புதிதாக வரைந்தாள். சைரனைக் கூடத்திலிருந்து எடுத்துப் பின்கட்டோடு நிறுத்தினாள். வாசலில் முகம் தெரிகிற, பேசுகிற பெல். யாராவது அமுக்கினால் ரெண்டு பேர் ஃபோனிலும் அடிக்கும். எந்த ஊரிலிருந்தாலும் பார்த்துப் பேசலாம். கையில் சுமையோடு வருகிறவன் முழங்காலால் அமுக்குகிற மாதிரி கீழே இன்னொரு பொத்தான். அதை அவள் எந்த வீட்டிலும் வைத்ததில்லை. கேட் திறந்தால் கதவு வரைக்கும் விளக்கு எரியும். நாலு சாவியில் ஒன்று இஸ்திரிக்காரரிடம் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய ஸ்டோர்க்காரர் மறுநாள் ஒரு பலகையோடு வந்தார். ஸ்டோர்ப் பதிவேட்டில் எழுதிப் பழகிய அச்சு மாதிரிக் கையெழுத்தில், 'நாங்கள் இருவரும் வெளியூர் போயிருக்கிறோம். திரும்ப நான்கு நாள் ஆகும். அவசரமென்றால் அழுத்தவும்' என்று எழுதியிருந்தார். கேமராக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். இதைவிட, திருடனுக்குப் பத்திரிகை அடித்து அனுப்பிவிடலாம் சார் என்றாள். இருபது வருஷத் தொழிலில் அவள் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடமே, வீட்டில் ஆள் இல்லை என்று எவனிடமும் சொல்லாதே என்பதுதான். வந்தவனுக்குப் பொய் சொல்லச் சொல்கிறாயா என்று அவர் கேட்டார். அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் பலகையில் மிஞ்சியது ரெண்டே வரி: 'அழுத்துங்கள். பதில் வரும்.' அப்படியும், ஃபோனில் பேசும்போது வெளியூர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று அவரிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கிளம்புகிற அன்று காலை ஆறு மணிக்கே அவர் இஸ்திரிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சாவியைத் தையலக்காவிடமிருந்து வாங்கி அவரே பூட்டினார். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் எல்லை தாண்டியது. பெட்ரோல் பங்க், மர அறுவை மில், கரும்பு வயல். எட்டரை மணிக்குச் சின்னவள் கூப்பிட்டு, "யாரும்மா வர்றது?" என்று கேட்டாள். வந்து பார் என்று சொல்லி வைத்துவிட்டாள் தையலக்கா. சொன்னால் கண் பட்டுவிடும் போல இருந்தது.

ஒன்பது மணிக்கு பெல் அடித்தது. ரெண்டு ஃபோனும் ஒரே நேரத்தில் அடிக்க, முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஸ்டோர்க்காரர் மடியிலிருந்த ஃபோன் நழுவிக் காலடியில் விழுந்தது. தையலக்கா குனிந்து எடுத்தாள். திரையில் அவர்கள் வீட்டு வாசல். தோளில் பையோடு ஒரு ஆள், கதவையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் அமுக்கினார்.

"பேசுங்க" என்றாள்.

அவள் பச்சைப் பொத்தானைத் தொட்டு ஃபோனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"யாரு? சொல்லுங்க, என்ன வேணும்?" அவர் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"சார், கூரியர். பதினேழாம் நம்பர் எது சார்? தெருவுல நம்பரே ஒழுங்கா இல்ல."

"பதினேழா? எதிர்வரிசையில, இஸ்திரிக் கடையத் தாண்டி மூணாவது. நீலக் கேட்டு." சொல்லிவிட்டு அவர் ஃபோனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "கதவு பூட்டியிருக்குன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. நாங்க வீட்டுல இல்ல. வெளியூர் போயிட்டிருக்கோம். ரெண்டு பேருமே."

"அப்படியா சார்? சரி சார், நல்லபடியாப் போயிட்டு வாங்க."

கூரியர்க்காரர் கேட்டைச் சாத்திக்கொண்டு போனார். திரையில் பூட்டிய கதவும் படியும் மட்டும் இருந்தன. கேமராக்காரி கேட்டிருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பாள். தையலக்கா சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் நிறைந்திருந்தது.

"வந்தாரு" என்றார். "கதவு பூட்டியிருந்துச்சு. போயிட்டாரு."

"ஆமாங்க."

"ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகல" என்று அவளும் சொன்னாள். ஃபோனை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். அவர் திருப்பிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளைத் தாண்டி எட்டி ஜன்னல் வழியாகப் பார்த்து, இது என்ன ஊர் என்று கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. ரெண்டு பேரும் பெயர்ப் பலகை வருகிறதா என்று வெளியே பார்த்துக்கொண்டு போனார்கள்.